மூன்றாவது குண்டூசி

வாரத்தில் ஒரு நாள் எனக்கு விடுப்பு. "நீ ஒரு நாள் போகலேன்னா கடை ஒன்னும் எரிஞ்சு போயிடாது" என்று என் வீட்டுக்காரர் ஒவ்வொரு வாரமும் சொல்வார். எரிந்தால்கூட அணைக்க ஆள் வருவார்கள். நான் இல்லாத நேரத்தில் யாராவது பொம்மையைத் தொட்டுவிட்டால் யார் வருவார்கள்? என் கவலை எனக்கு.

மூன்று மாடித் துணிக்கடை ஒன்றில் பொம்மைகளுக்கு உடுத்திவிடுவது என் வேலை. சம்பளச் சீட்டில் அதற்கு வாயில் நுழையாத பெயர் ஒன்றை அச்சடித்திருக்கிறார்கள். கடையில் எல்லோருக்கும் நான் பொம்மையக்கா, மேனேஜருக்குக்கூட. தெருவைப் பார்த்த கண்ணாடி அறையிலும் மாடிப்படித் திருப்பங்களிலும் ஒவ்வொரு பிரிவின் வாசலிலுமாக இருபத்தொரு பொம்மைகள். அவர்களைத் துடைப்பது, கழன்ற கையை மாட்டுவது, வெயிலில் வெளுத்த துணியை மாற்றுவது, விளக்கைச் சரியான பக்கம் திருப்பி வைப்பது, காலருக்கு வெளியே எட்டிப் பார்க்கும் விலைச் சீட்டை உள்ளே தள்ளுவது என்று நாள் முழுக்க வேலை இருக்கும். ஏதாவது ஒரு குழந்தை கண்ணாடியில் மூக்கை அழுத்திவிட்டுப் போனால் அதைத் துடைக்கவும் நான்தான் ஓட வேண்டும்.

எந்தப் பொம்மைக்கு என்ன உடை, எந்தப் பக்கம் பார்த்து நிற்க வேண்டும் என்று மாதாமாதம் தலைமை அலுவலகத்திலிருந்து படம் வரும். படத்தில் முன்பக்கம் மட்டும்தான் இருக்கும். பின்பக்கம் முழுக்க என் ராஜ்ஜியம். தெருவில் நின்று பார்ப்பவர்களுக்கு, உடை அந்தப் பொம்மைக்கென்றே அளவெடுத்துத் தைத்தது போலத் தெரியும். பின்னால் போய்ப் பார்த்தால் மடித்து, இழுத்து, குத்திய குண்டூசிகள். எத்தனை குத்துவேன், எங்கே குத்துவேன் என்று யாருக்கும் சொன்னதில்லை. குழந்தைகள் பிரிவில் விற்பனைக்கு நிற்கும் கடுகு ஒரு தடவை கேட்டாள். அவளுக்கும் ஏறக்குறைய என் வயதுதான். ஆள் சிறியவள், சட்டென்று பொரிவாள், அதனால் அந்தப் பெயர்.

"எப்படிக்கா நீங்க மாட்டினா ஃப்ராக் ஒரு பக்கமா அவ்வளவு அழகா சரிஞ்சு விழுது? நான் மாட்டினா கொடியில காயப்போட்ட மாதிரி தொங்குது."

"அது அப்படித்தான் விழும்" என்றேன்.

இரண்டே வார்த்தையில் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஆளாளுக்குப் பொம்மையில் கை வைப்பார்கள் என்று வாயை மூடிக்கொண்டேன். பெருமையும் கொஞ்சம் இருந்தது. கொஞ்சமென்ன, நிறையவே இருந்தது.

அன்று விடுப்பு முடிந்து காலை எட்டு மணிக்கே வந்துவிட்டேன். கடை திறப்பது பத்துக்கு. கீழ்த்தளத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. முதல் மாடிக்கு ஏறினேன். குழந்தைகள் பிரிவு வாசலில் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்திருக்கும் குட்டிப் பொம்மை எனக்குச் செல்லம். முந்தாநாள் அதற்கு மஞ்சள் வலைத்துணி ஃப்ராக் போட்டு அரை மணி நேரம் அழகு பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். இப்போது அது நீலத்தில் ஒரு சட்டையை ஏனோதானோவென்று மாட்டிக்கொண்டு, வலது ஷூவை இடது காலில் போட்டுக்கொண்டு, விலைச் சீட்டு முகத்தில் இடிக்க உட்கார்ந்திருந்தது. எனக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது.

"யாரு தொட்டது?"

கடுகு அலமாரியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே பேசினாள்.

"கத்தாதீங்கக்கா. நேத்து சாயங்காலம் ஒரு பொண்ணு வந்தா. அந்த அளவுல மஞ்சள் அது ஒன்னுதான் மிச்சம். நீலம் காட்டினேன், ரோஸ் காட்டினேன். பொம்மை போட்டிருக்கறதுதான் வேணும்னு நின்னுட்டா. வெளியூர்ல இருக்கற வீட்டுக்காரருக்கு போட்டோ அனுப்பினாளாம், அவரும் இதையே வாங்குன்னு சொல்லிட்டாராம். நான் என்ன பண்ணட்டும்?"

"பொம்மைமேல இருக்கறத விக்கக் கூடாதுன்னு இங்க சட்டம் இருக்கா இல்லையா?"

"சட்டம் நீங்க போட்டது. விக்கலேன்னா திட்டறது மேனேஜர். நான் யாருக்கு பயப்படட்டும்? கழட்டிக் குடுத்தேன். உங்க ஊசிய ஒன்னும் நான் தின்னுடல, பாருங்க, பத்திரமா வெச்சிருக்கேன்."

பெட்டியின் ஓரத்தில் ஒரு காகிதத் துண்டு. அதில் வரிசையாக இரண்டு குண்டூசிகள்.

"மூணாவது எங்க?"

"எந்த மூணாவது?" என்று கேட்டபடி இப்போதுதான் திரும்பினாள்.

பின்பக்கம் இரண்டு ஊசி யார் கண்ணுக்கும் தெரியும். மூன்றாவதை நான் இடுப்பின் இடப்பக்கத்தில், வெளியே இருக்கும் வலைத்துணிக்கும் உள்ளே இருக்கும் லைனிங்குக்கும் நடுவில் கொடுத்துக் குத்துவேன். பாவாடையை அது லேசாகத் தூக்கிப் பிடிக்கும். கடுகு அன்று கேட்டாளே, அந்தச் சரிவு அதனால்தான். வெளியிலிருந்தும் தெரியாது, உள்ளிருந்தும் தெரியாது. தெரியாமல் இருப்பதில்தானே என் கெட்டிக்காரத்தனம்.

மண்டியிட்டுத் தரையைத் தடவினேன். ஊசி பொறுக்கும் காந்தத்தைக் கொண்டுவந்து பெட்டியைச் சுற்றி இழுத்தேன். ஒரு ஊக்கு வந்தது, ஒரு ஸ்டேப்ளர் கம்பி வந்தது. பொம்மையைக் கழற்றி உதறினேன். குண்டூசி இல்லை.

"என்ன அளவு அது?" என்று கேட்டேன். தெரிந்துகொண்டேதான் கேட்டேன்.

"ஒம்பது மாசத்துலேர்ந்து ஒரு வயசு வரைக்கும்" என்றாள் கடுகு. அவள் முகத்தில் ஈயாடவில்லை.

கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கும் வயது.

மேனேஜர் வந்ததும் வராததுமாக விஷயத்தைச் சொன்னோம். பில்லில் தொலைபேசி எண் இருந்தது. அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. ஆறு தடவை அடித்தோம். விலாசம் பில்லில் இல்லை. நல்லவேளை, அந்தப் பெண் ஃப்ராக்கோடு குழந்தைக்கு ஒரு மெத்தையும் வாங்கியிருந்தாள். மெத்தையை வீட்டில் இறக்கியது எங்கள் வண்டிக்காரர்தான். "வீடு தெரியும், மூணாவது மாடி, லிஃப்ட் இல்ல, முதுகு ஒடிஞ்சு போச்சு, மறப்பேனா" என்றார் அவர்.

கிளம்பும்போது மேனேஜர் என்னைத் தனியாக ஓரம் கட்டினார். "பொம்மையக்கா, ஊசின்னு மட்டும் வாயத் திறக்காதீங்க. தையல்ல ஒரு குறை இருக்கு, மாத்திக் குடுக்கறோம்னு சொல்லுங்க. துணி கைக்கு வந்துட்டா விஷயம் முடிஞ்சுது. வெளிய தெரிஞ்சா கடை பேரு என்ன ஆகும்?"

தலையை ஆட்டினேன். அப்போது எனக்கு அந்தத் துணி கைக்கு வந்தால் போதும்.

வண்டியில் முன்சீட்டில் நான், கடுகு, வண்டிக்காரர் மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்தோம். பள்ளிக்கூட நேரம். ஒவ்வொரு சிக்னலிலும் வண்டி நின்றது. நான் கடுகை ஒரு பிடி பிடித்தேன். ஒரு நாள் பொறுக்க முடியாதா, எனக்கு ஒரு போன் பண்ண முடியாதா, உன் கை என்ன கையா கரண்டியா என்று வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். அவள் பொரிந்தாள்.

"ரெண்டு ஊசி கண்ணுல பட்டுது, ரெண்டையும் எடுத்தேன். மூணாவதா ஒன்னு இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எடுத்திருக்க மாட்டேனா? அன்னிக்கே கேட்டேனேக்கா. அது அப்படித்தான் விழும்னு சொன்னீங்க."

வண்டிக்காரர் மரியாதைக்கு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார். எங்கள் முன்னால் ஒரு லாரி பின்னுக்கு வருவதும் முன்னுக்குப் போவதுமாகத் தெருவை அடைத்து நின்றது. இறங்கி ஓடிவிடலாமா என்று தோன்றியது. அந்த இடுப்புப் பட்டியும் அதற்குள் பளபளவென்று கிடக்கும் ஊசியும் கண்ணுக்குள்ளேயே நின்றன. குத்தினது நான். அந்த ஒன்றை மட்டும் எப்படித் திருப்பிப் போட்டாலும் மாற்ற முடியவில்லை.

மூன்று மாடியையும் மூச்சு விடாமல் ஏறினேன். அழைப்புமணியின் மேல் பிளாஸ்டர் ஒட்டி, "மணி அடிக்க வேண்டாம்" என்று பேனாவால் எழுதியிருந்தது. கதவை விரலால் தட்டினேன். ஒரு சாண் திறந்தது. இருபத்தைந்து வயது இருக்கும் அவளுக்கு. கலைந்த தலை, தோளில் பால் கறை, கண்ணுக்குக் கீழே கருப்பு.

"மெதுவா பேசுங்க" என்றாள் எடுத்தவுடன்.

மேனேஜர் சொல்லிக்கொடுத்த பாடத்தை ஒப்பித்தேன். நேற்று வாங்கிய ஃப்ராக்கில் தையல் சரியில்லை, வேறு தருகிறோம் என்றேன்.

"இதுக்கா வந்தீங்க? பரவால்ல, பிரிஞ்சா நானே தைச்சுக்கறேன். பாப்பாவுக்குப் பல்லு முளைக்குது, மூணு நாளா ராப்பகலா அழுகை. அவங்கப்பாவுக்கு வீடியோவுல காட்டலாம்னு காலைல அந்த ஃப்ராக்க போட்டுவிட்டேன், போட்டதும் தோள்லயே தூங்கிட்டா. இப்பதான் படுக்க வெச்சேன். சாயங்காலம் வாங்க, ப்ளீஸ்."

கதவு மூடிக்கொண்டு வந்தது. நான் இடுக்கில் கையைக் கொடுத்துவிட்டேன். நசுங்கியது, வலி தெரியவில்லை.

"அம்மா, பொய் சொல்லிட்டேன். தையல் ஒன்னும் இல்ல. அந்த ஃப்ராக்குக்குள்ள ஒரு குண்டூசி இருக்கு."

"நான்தான் பார்க்காம..." என்று பின்னாலிருந்து கடுகு தொடங்கினாள்.

"நீ சும்மா இரு" என்றேன். "குத்தினது நான். அங்க ஒன்னு இருக்குன்னு யாருக்கும் சொல்லாம விட்டதும் நான். என்னைத் தவிர வேற யாராலயும் அதக் கண்டுபிடிக்க முடியாது. என்னை உள்ள விடுங்க."

அவள் கத்தவில்லை. ஒரு கணம் என்னைப் பார்த்தாள், பிறகு என் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்தாள். அந்தப் பிடியின் வலி மட்டும் நன்றாகத் தெரிந்தது.

ஒரே அறைதான். ஜன்னல் திரையைப் போட்டிருந்தாள். கொடியில் குட்டிக் குட்டித் துணிகள், மேசையில் பால் புட்டிகள், தரையில் எங்கள் கடை மெத்தை, உறைகூடக் கிழிக்காமல். அதன் மேல் மஞ்சள் ஃப்ராக்கோடு பாப்பா. இடப்பக்கம் சாய்ந்து ஒருக்களித்துப் படுத்திருந்தது. ஊசி இருக்கும் பக்கம்.

தாய் குனிந்து அள்ளப் போனாள். நான் அவள் தோளைப் பிடித்து நிறுத்தினேன்.

"தூக்காதீங்க. தூக்கினா அந்த இடத்துலதான் அழுந்தும். அப்படியே இருக்கட்டும். நான் எடுத்துடறேன்."

"எடுத்துடுவீங்களா?"

"எடுத்துடுவேன்" என்றேன். முதலில் கையைத் துடைத்துக்கொண்டேன்.

எத்தனையோ வருடமாக நான் செய்கிற வேலைதான். பொம்மையை நிறுத்திய இடத்திலிருந்து அசைக்காமல் துணிக்குள் கையை விட்டு, தடவியே மடிப்பைக் கண்டுபிடிப்பேன். ஆனால் பொம்மை மூச்சு விடாது. பொம்மைக்குச் சூடு கிடையாது. இந்த வயிறு ஏறி ஏறி இறங்கியது. மெத்தைக்கும் துணிக்கும் நடுவில் புறங்கையை மெத்தையில் அழுத்தி, விரல்களைத் தட்டையாக்கி நுழைத்தேன். வலைத்துணி சொரசொரத்தது. அதைத் தாண்டி லைனிங். இடுப்புப் பட்டியைத் தேடிப் பிடித்தேன். ஒரு அங்குலம். இன்னும் அரை அங்குலம். பாப்பா வாயைச் சப்புக்கொட்டியது. கையை அப்படியே நிறுத்தினேன். தாய் தன் வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தாள்.

தட்டுப்பட்டது. குண்டுத் தலை, மிளகில் பாதி.

என் பழக்கம் ஒன்று உண்டு. ஊசியைக் குத்தி வெளியே எடுத்து, முனையை மறுபடி மடிப்புக்குள்ளேயே விட்டுவிடுவேன். பொம்மையின் பெயின்ட் கீறக்கூடாது என்பதற்காகச் செய்வது, வேறு எந்த நல்ல எண்ணமும் கிடையாது. முனை அங்கேயேதான் இருந்தது, மடிப்புக்குள். ஒரு அரிசி அளவு மட்டும் நழுவி வந்திருந்தது, அதுவும் வலைத்துணிப் பக்கமாக, பாப்பாவை விட்டு விலகி. இன்னும் நாலு தடவை அது கையைக் காலை உதைத்து விளையாடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் யோசிக்க முடியவில்லை. இரண்டு விரலால் முனையை மூடிக்கொண்டு, தலையைப் பிடித்து இழுத்தேன். வந்துவிட்டது.

உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். தாய் மெத்தையை அழுத்தி, ஃப்ராக்கை மெல்லத் தூக்கிச் செல்போன் வெளிச்சத்தில் இடுப்பைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லை. பாப்பா மூக்கால் ஒரு பெருமூச்சு விட்டு, விரலை வாயில் போட்டுக்கொண்டு தூக்கத்தைத் தொடர்ந்தது.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்பாடா என்ற சொல்லுக்கு இத்தனை இடம் வேண்டும் என்று எனக்கு அதுவரை தெரியாது. உடம்பு முழுக்க அதுதான் நிறைந்திருந்தது. வாசலில் கடுகு சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

தாய் ஊசியை என் கையிலிருந்து எடுத்து ஒரு மூடி போட்ட டப்பாவில் வைத்து, டப்பாவை அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். திரும்பி வந்தாள். பிறகு திட்டத் தொடங்கினாள். அத்தனையையும் கிசுகிசுப்பாகவே திட்டினாள்.

"நீங்கல்லாம் மனுஷங்கதானா? பச்சக் குழந்தைத் துணில ஊசியா? அதுலயும் வாசல்ல நின்னு பொய் வேற. நான் கதவ மூடியிருந்தா? சாயங்காலம் வந்திருந்தா? சொல்லுங்க, என்ன பண்ணியிருப்பீங்க?"

"ஒன்னும் பண்ணியிருக்க முடியாது" என்றேன் நானும் கிசுகிசுப்பாகவே. "நீங்க என்ன திட்டினாலும் தகும். கடையில புகார் எழுதிக் குடுக்கணும்னாலும் குடுங்க, நானே பேனா தரேன்."

"பேனா எங்கிட்டயே இருக்கு" என்றாள். சொல்லிவிட்டு என் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. சத்தம் மட்டும் வரவில்லை. மூன்று நாளாகச் சத்தமில்லாமல் இருந்து பழகியவள் போலிருக்கிறது. என்ன செய்வதென்று தெரியாமல் அவள் பாதத்தின் மேல் கையை வைத்தேன். தட்டிவிடவில்லை.

கடுகு உள்ளே வந்து என் பக்கத்தில் குந்தினாள். "போலாமாக்கா? பத்தாகப் போகுது."

"போலாம்" என்றேன். "போற வழியில சொல்றேன், எத்தனை ஊசி, எங்கெங்க குத்துவேன்னு. ஒன்னு விடாம. நீ எழுதி உன் பிரிவுச் சுவர்ல ஒட்டு."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். நான் சுவரைப் பிடித்து எழுந்தேன்.

தாயும் எழுந்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு பாப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அசையக்கூட இல்ல அவ" என்றாள். "நான் போர்வைய இழுத்துவிட்டாலே முழிச்சுக்கறா. நீங்க கையை விட்டு எடுத்தீங்க, அசையவே இல்ல." கேட்கலாமா வேண்டாமா என்று தனக்குள் வழக்காடுவது முகத்தில் தெரிந்தது. "அக்கா, நான் முந்தாநேத்துலேர்ந்து குளிக்கல. பத்து நிமிஷம். பக்கத்துல உட்காந்திருப்பீங்களா?"

என் காதில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். "நானா?"

"வேற யாரு இருக்கா இங்க?"

கடுகை வண்டிக்கு அனுப்பினேன். பையில் செல்போன் அதிர்ந்தது, மேனேஜர். அதிரட்டும் என்று விட்டுவிட்டேன். மெத்தைக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். தாய் துண்டை எடுத்துக்கொண்டு போனாள். குளியலறைக் கதவை முழுக்கச் சாத்தவில்லை. ஒரு கை அகலத்துக்குத் திறந்தே வைத்தாள். நியாயம்தானே. நானாக இருந்தால் கதவைக் கழற்றியே வைத்திருப்பேன். குழாய் திறந்தது. வாளியில் தண்ணீர் விழுந்தது. இரண்டு தடவை எட்டிப் பார்த்தாள். இரண்டு தடவையும் நான் தலையை ஆட்டினேன். பாப்பா விரலைச் சப்பிக்கொண்டு கிடந்தது.

கொஞ்ச நேரம் கழித்துக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, உள்ளே தாழ்ப்பாள் போடும் சத்தம்.

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. பாப்பா எழுந்துவிடக் கூடாதே என்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.